இரண்டு தள்ளுவண்டி மருந்து

எனக்கு வாய் அதிகம். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். மில்ஃபோர்க் கதவுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். எந்தக் கழிப்பறையில் தாழ்ப்பாள் சரியாக விழும், எந்த மேற்பார்வையாளரிடம் திங்கட்கிழமை காலையில் வாயைக் கொடுக்கக் கூடாது, தாமதமாக வந்தால் எத்தனை புள்ளி, எத்தனை புள்ளி சேர்ந்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்பதையெல்லாம் புதிதாக வருகிறவர்களுக்கு அலுவலகம் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன். "நோரீனைக் கேளு" என்பது எங்கள் சாப்பாட்டு அறையில் புழங்குகிற ஒரு பேச்சு. அதில் எனக்கு ரகசியமாகப் பெருமையும் இருந்தது. இப்போது அந்தப் பேச்சைக் கேட்டாலே எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

டெல்மர் கிரப்பும் என்னை நம்பித்தான் கேட்டான்.

டெல்மர் சரக்கு ஏற்றும் பக்கத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். என்னைவிட மூன்று வயது மூத்தவன். கதவு நிலையில் தலையைத் தாழ்த்தித்தான் நுழைய வேண்டும், அவ்வளவு உயரம். குரல் மட்டும் அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல் சின்னதாக இருக்கும். சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். எந்த இடத்துக்கும் வெறுங்கையோடு வரத் தெரியாது அவனுக்கு. கோடையில் தக்காளி, இலையுதிர் காலத்தில் மான் கறி, வாகன நிறுத்தத்தில் யாருடைய வண்டியாவது கிளம்பவில்லை என்றால் பேட்டரிக் கம்பி. நன்றி சொன்னால் காது சிவந்துவிடும்.

சட்டைப் பையில் எப்போதும் நெஞ்செரிச்சல் மாத்திரைக் குப்பி ஒன்று இருக்கும். சாக்கட்டி போல வாயில் போட்டு மெல்லுகிற மாத்திரை. ஃபோர்க்லிஃப்ட் இரும்புத் தகட்டின் மேல் ஏறி இறங்கும்போது அது கிலுகிலுவென்று குலுங்கும். அவன் திரும்பி வருவதற்கு முன்னாலேயே சத்தம் வந்துவிடும்.

"வந்துட்டாருப்பா டாக்டர் டெல்மர்! பையில மருந்துக்கடையோட!" என்று நான் கத்துவேன்.

"ஒனக்கும் ஒண்ணு வேணுமா நோரீன்? வாய் வலிக்கு நல்லதாம்," என்பான்.

இந்த ஊரில் எல்லோர் பையிலும் ஏதோ ஒரு குப்பி இருக்கும். எங்கள் காப்பீட்டில் முதல் நாலாயிரம் டாலர் நம் கையிலிருந்து போக வேண்டும். அதற்குப் பிறகுதான் காப்பீட்டுக்காரன் கண்ணைத் திறப்பான். டாக்டரிடம் போக அரைநாள் விடுப்பு எடுத்தால் அதற்கும் அரைப் புள்ளி. அதனால் முதலில் எல்லோரும் போவது மருந்துக்கடை அலமாரிக்குத்தான். முதுகு வலி, இருமல், பல் வலி, தூக்கமின்மை என்று எதுவானாலும் ஐந்தாம் வரிசையில் தேடி எடுத்து விழுங்கிவிட்டு வேலைக்கு வருவோம்.

இந்த இடத்தில் அந்த நீல அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சம்பளத்தில் வரி பிடிப்பதற்கு முன்னால் கொஞ்சம் பணத்தை மருத்துவச் செலவுக்கென்று ஒதுக்கிக்கொள்ளலாம். அது ஓர் அட்டையில் வந்து சேரும். அதைக் கடையில் தேய்த்து வாங்கலாம். எங்கள் கம்பெனியில் பல வருஷமாக இருந்த கணக்கில் ஒரு வில்லங்கம் உண்டு. டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் செலவழிக்காவிட்டால் மிச்சம் இருக்கிற பணம் கம்பெனிக்கே போய்விடும். நம் பணம்தான், நம் வியர்வைதான், ஆனாலும் போய்விடும். எனக்கு இதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

அதனால் வருஷக் கடைசி வாரத்தில் நான் படை திரட்டுவேன். வேலை முடிந்ததும் மூன்று நான்கு கார்கள் என் பின்னால் மருந்துக்கடைக்கு வரும். மூக்குக் கண்ணாடி, கட்டுத்துணி, வெப்பமானி என்று அள்ளுவோம். "முதலாளிக்கு ஒரு டாலர்கூட விடாதீங்க!" என்று நான் வரிசை வரிசையாகக் கத்திக்கொண்டு நடப்பேன். முன்பெல்லாம் டாக்டர் சீட்டு இல்லாமல் அந்த அட்டையில் தலைவலி மாத்திரைகூட வாங்க முடியாது. கொரோனா வந்த வருஷம் சட்டம் மாறிவிட்டது. அலமாரியில் இருக்கும் சளி மருந்து, வயிற்று மருந்து எல்லாம் சீட்டில்லாமல் வாங்கலாம் என்றானது. அந்த டிசம்பர் எங்களுக்குத் திருவிழாதான்.

அதற்கு இரண்டு மாதம் முன்னால், அக்டோபரில்தான் கம்பெனி திட்டத்தையே மாற்றியது. சாப்பாட்டு அறையில் எல்லோரையும் முகமூடியோடு தள்ளித் தள்ளி உட்கார வைத்து, அலுவலகத்திலிருந்து ஆப்ரி என்ற சின்னப் பெண் வந்து விளக்கினாள். நான் பின்வரிசையில் இருந்தேன். அந்த வாரம் எனக்கு நியாயமில்லாமல் ஒரு புள்ளி போட்டிருந்தார்கள். பக்கத்திலிருந்த மேற்பார்வையாளரோடு கூட்டம் முடிகிற வரைக்கும் அதற்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஜனவரியில் புது அட்டை வந்தது. அதே நீலம், அதே வங்கி.

"என்ன மாத்தினாங்களாம்?" என்று, கூட்டத்தன்று லாரிக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த டெல்மர் கேட்டான்.

"ஒரு மண்ணும் மாத்தல. அதே அட்டைதான். கம்பெனி வருஷத்துக்கு எழுநூத்தம்பது போடுதாம், அவ்வளவுதான்," என்றேன்.

நான் அந்தக் கூட்டத்தில் ஒரு வார்த்தைகூடக் காதில் வாங்கவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் என் வாயில் வராது.

அந்தக் கோடையில் டெல்மருக்குச் சாப்பாடு தொண்டைக்குக் கீழே நிற்க ஆரம்பித்தது. ரொட்டி இறங்கவில்லை என்று தண்ணீர் குடிப்பான், தண்ணீரும் நின்றுகொள்ளும், எழுந்து நடப்பான். நெஞ்செரிச்சல் என்று நினைத்து நாளைக்கு நான்கு மாத்திரை தின்றவன் பத்து தின்றான். நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாள் விருந்துக்கு அடுத்த வாரம் மான் வேட்டைக்குப் போய், காட்டிலேயே ஒரு துண்டு உலர்ந்த கறி சிக்கிக்கொண்டு மூச்சு முட்டிவிட்டது. கூடப் போன மச்சான் முதுகில் அடித்து வெளியே எடுத்திருக்கிறான். அதற்குப் பிறகு மனைவி ட்வைலா விடவில்லை. டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். குழாய் விட்டு உள்ளே பார்க்க வேண்டும் என்றார்கள். கிடைத்த முதல் தேதி ஜனவரி பதினான்கு.

இதை அவன் என்னிடம் சொன்னது டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி மதியம். அவன் முன்னால் ஒரு கிண்ணம் பீன்ஸ் சூப் இருந்தது. சோள ரொட்டியை அதில் ஊறவைத்துக் கரைத்துக்கொண்டிருந்தான்.

"ஆயிரத்து நானூத்தி அறுபது சேத்து வெச்சிருக்கேன் நோரீன், அட்டையில. கோடையிலேருந்து வாரம் இருபத்தஞ்சு கூடப் போட்டேன். அந்தக் குழாய்ச் செலவுக்கு ஆகும்."

நான் ஸ்பூனைக் கீழே வைத்தேன். "ஜனவரியிலயா? அடப் பாவி மனுஷா, முப்பத்தொண்ணாந் தேதி ராத்திரி அந்தப் பணம் போயிடுமே!"

"அப்பிடியா?"

"பின்ன? எத்தன வருஷமா என்கூட கடைக்கு வர்ற? தெரியாதா ஒனக்கு?"

அவன் யோசித்தான். அவன் மெதுவாக யோசிக்கிறவன். "இல்ல, அந்தப் பேப்பர்ல அப்பிடி எங்கயும் போட்ட மாதிரி தெரியலையே."

"பேப்பர்ல எதத்தான் போடுவான்? ஒன் பணத்த நான் முழுங்கப் போறேன்னு கொட்டை எழுத்துல போடுவானா? வேணும்னா ஆபீஸ்ல கேளு."

"ஆபீஸ் சாத்தியாச்சே. மூணாந் தேதிதான் வருவாங்க."

"அதான் சொல்றேன். நான் சொன்னா கேளு. ஜனவரியில கம்பெனி புதுசாப் போடும், அதுல கட்டிக்கலாம். இதக் கரைச்சிடு."

அவன் தலையாட்டினான். இந்த ஒரு பேச்சை நான் எத்தனையோ முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அவன் அந்தப் பேப்பரைப் பற்றிச் சொல்கிற இடத்தில் நிறுத்தப் பார்க்கிறேன்.

முப்பதாம் தேதி போனோம். டெல்மர், நான், ட்வைலா, இன்னும் இரண்டு பேர். மற்றவர்கள் அட்டையில் அறுபது, எழுபது டாலர்தான். டெல்மருக்கு மட்டும் இரண்டு தள்ளுவண்டி தேவைப்பட்டது. ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி ஐந்து, முதலுதவிப் பெட்டி எட்டு, வலி மாத்திரை, சளி மருந்து, குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து, முழங்கால் பட்டை, ஒத்தடப் பை. ட்வைலா பின்னாலேயே வந்து, "டெல், இத யாரு திங்கறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் தோள் குலுங்கியது. அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கடையில் கேட்டதெல்லாம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லப்பட்ட பிள்ளையின் முகம்.

"சர்ச்சுல மருந்துப் பெட்டி காலியாத்தான் கெடக்கு. வெல்டிங் பையனோட கொழந்தைக்குக் காய்ச்சல். பேக்கிங்ல இருக்கற ருத்தானுக்கு ரத்த அழுத்தம், கருவி வாங்க மாட்டேங்கறா," என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் வைத்திருந்தான். தனக்கென்று எடுத்தது பதினோரு குப்பி நெஞ்செரிச்சல் மாத்திரை.

கல்லாவில் இருந்த அம்மாள் எல்லாவற்றையும் அடித்து முடிக்க இருபது நிமிஷம் ஆனது. "என்ன கண்ணு, போர் கீர் வரப்போகுதா?" என்றாள்.

"இல்லம்மா, புது வருஷந்தான் வருது," என்றான் டெல்மர். அட்டையில் மிச்சம் ஆறு டாலர்.

அன்று சாயங்காலமே வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுத்தான். ருத்தான் அந்தக் கருவியைக் கட்டிக்கொண்டு அழுதாளாம். சர்ச்சில் பாதிரியார் அவன் பெயரைச் சொல்லி நன்றி சொன்னபோது எழுந்து வெளியே போய்விட்டான். என் வீட்டுக்கும் ஒரு முதலுதவிப் பெட்டி வந்தது. அது இன்னும் சமையலறை அலமாரியின் மேல் இருக்கிறது. கை வெட்டிக்கொண்டாலும் அதைத் திறப்பதில்லை.

புத்தாண்டு அன்று எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் பன்றிக்கறியும் புளித்த முட்டைக்கோசும்தான். சாப்பிட்டால் வருஷம் நன்றாக இருக்கும். எனக்குக் கணவன் இல்லை, மகள் டெக்சஸில். அதனால் ட்வைலா வீட்டில்தான் எனக்கு எப்போதும் புத்தாண்டு. டெல்மர் கறியைப் பட்டாணி அளவுக்கு நறுக்கினான். மென்றான், மென்றுகொண்டே இருந்தான். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பின்கட்டுக்குப் போனான். அவன் துப்புகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. ட்வைலா என்னைப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு வாரந்தானே. பாத்துடுவாங்க," என்று நான்தான் சொன்னேன்.

ஜனவரி பதினான்காம் தேதி காலை டெல்மர் வேலைக்கு வந்து நின்றான். அந்தக் கிலுகிலு சத்தத்தைக் கேட்டு நான் ஓடினேன்.

"நீ இங்க என்ன பண்ற?"

"தள்ளிப் போட்டுட்டாங்க. கொரோனாக் கூட்டமாம். கூப்பிடறோம்னாங்க."

அப்போது ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்த மாதம். பக்கத்து வீட்டுக்காரரின் முழங்கால் அறுவை சிகிச்சையையே தள்ளிப் போட்டிருந்தார்கள். ட்வைலாவும் நம்பினாள், நானும் நம்பினேன். மார்ச்சில் கேட்டேன். கூப்பிடுவார்கள் என்றான். மே மாதத்தில் கேட்டேன். அதையே சொன்னான். வெந்நீர்க் குடுவையில் சூப் கொண்டு வந்து தனியாக வண்டியில் உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தான். சட்டை தொளதொளவென்று ஆனது. இடுப்பு வாரில் ஆணி வைத்துப் புது ஓட்டை போட்டுக்கொண்டான்.

"பொண்ணு பாக்கப் போறியா? இப்பிடி எளைச்சிருக்க!" என்று நான் எல்லோர் முன்னாலும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் தோளும் குலுங்கியது. இதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

அக்டோபரில் மறுபடி கூட்டம். ஆப்ரி இந்த முறை திரையில் படம் போட்டு விளக்கினாள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன், சண்டை போட ஆள் இல்லை. இந்த வருஷமும் எப்போது கடைக்குப் போகலாம் என்று யாரோ என்னைப் பார்த்துக் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஆப்ரி சொன்னாள்.

"அவசரமே இல்லைங்க. ரெண்டு வருஷம் முன்னாடியே மாத்திட்டோமே. இந்தக் கணக்குல இருக்கற பணம் எங்கயும் போகாது. வருஷம் முடிஞ்சாலும் ஒங்களோடதுதான். வேலைய விட்டுப் போனாக்கூட ஒங்களோடதுதான். ரிட்டயர் ஆகற வரைக்கும் சேத்து வெக்கலாம்."

அறையில் யாரோ "அட!" என்றார்கள். யாரோ சிரித்தார்கள். "என்ன நோரீன், போன வருஷம் எங்கள எல்லாம் கட்டுத்துணி வாங்க வெச்சியே!" என்றார்கள். நான் திரும்பி டெல்மரைப் பார்த்தேன். அவன் ஆச்சரியப்படவில்லை. தன் பூட்ஸ் நுனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கூட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் எழுந்து போனான்.

சரக்கு மேடையில் போய்ப் பிடித்தேன். "ஒனக்குத் தெரியும்!"

"என்னத்த?"

"நடிக்காத. எப்போ தெரியும் ஒனக்கு?"

அவன் வண்டியை அணைத்தான். "ஜனவரி பதிமூணு. ஆஸ்பத்திரியிலேருந்து போன் பண்ணாங்க. ரெண்டாயிரத்து நூறு ஆகும், பாதியாவது முன்கூட்டிக் கட்டணும்னாங்க. அட்டையில ஆறு டாலர் இருக்கு. அட்டைக்குப் பின்னாடி இருக்கற நம்பருக்குப் போன் போட்டு, புது வருஷப் பணம் எப்ப வரும்னு கேட்டேன். மூணு மாசத்துக்கு ஒரு தடவ கொஞ்சங் கொஞ்சமாத்தான் போடுவாங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. அப்ப போன வருஷப் பணம் போனதுதானேன்னேன். போன வருஷப் பணம்னு ஒண்ணு கெடையாது சார், அது எப்பவும் ஒங்களோடதுன்னிச்சு."

"அப்ப கொரோனாக் கூட்டம், தள்ளிப் போட்டாங்கன்னதெல்லாம்?"

"நாந்தான் வேணாம்னு சொல்லிட்டேன்."

"தவணையில கட்டியிருக்கலாமேடா! எங்கிட்டக் கேட்டிருக்கலாமே!"

"ட்வைலா முதுகு ஆபரேஷனுக்கு ஏழு வருஷம் தவணை கட்டினேன் நோரீன். மாசா மாசம் அந்தக் கவர் வரும்போது அவ என்னப் பாக்கற பார்வை... இனிமே ஆஸ்பத்திரிக்குக் கடன் வெக்கறதில்லன்னு முடிவு பண்ணேன். கொஞ்சம் பொறுத்தா சேந்துடும்னு நெனச்சேன். இப்ப சேந்துடுச்சு. நவம்பர் பதினெட்டுக்குத் தேதி வாங்கிட்டேன்."

"குடுத்ததையெல்லாம் திருப்பி வாங்கிக் கடையில போட்டிருக்கலாமே. பாதிப் பணமாவது வந்திருக்கும்."

"ருத்தான்கிட்டப் போயி அந்தக் கருவியக் கழட்டுன்னு கேக்கச் சொல்றியா?" என்றான்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவன் மேல், கம்பெனி மேல், அந்த ஆப்ரி மேல். எல்லாம் சுற்றிவிட்டு என்னிடமே வந்து நின்றது. "எங்கிட்ட ஏன் சொல்லல? ஒன்னாலதான் போச்சுன்னு மூஞ்சிக்கு நேரா கத்தியிருக்கலாம் இல்ல?"

"கத்தினா பணம் திரும்பி வருமா?" என்றான். பிறகு, "ட்வைலாகிட்ட மட்டும் சொல்லாத. இந்த ஊர்ல அவளுக்கு இருக்கற சிநேகிதி நீ ஒருத்திதான். அதக் கெடுத்துக்காத. சத்தியமா?" என்றான்.

சத்தியம் செய்தேன்.

நவம்பர் பதினெட்டாம் தேதி குழாய் விட்டார்கள். கட்டி உணவுக்குழாயை முக்கால்வாசி அடைத்திருந்தது. கல்லீரலுக்கும் போயிருந்தது. ட்வைலா டாக்டரிடம், ஜனவரியிலேயே பார்த்திருந்தால் என்று கேட்டிருக்கிறாள். அவர் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு, அதையெல்லாம் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாராம். "ஆஸ்பத்திரிக்காரங்களே தேதியத் தள்ளிப் போட்டுட்டு இப்ப சொல்ல முடியாதாம் நோரீன்," என்று என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். அன்று நான் பட்டதை எதிரிகூடப் படக் கூடாது.

டிசம்பர் முப்பதாம் தேதி காலை ட்வைலா போன் செய்தாள். டெல்மர் வீட்டில்தான் இருந்தான். வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத்தான் ஆகாரம். அவளுடைய தங்கை வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"வண்டி எடுத்துட்டு வா நோரீன். டெல்லுக்கு ஒதடு வெடிக்குது, களிம்பு வேணும். அப்புறம் அவன் அட்டையில இருநூறுக்கிட்ட இருக்கு. நாளைக்குள்ள கரைக்கணும் இல்ல?"

காரில் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அதே கடை. அதே ஐந்தாம் வரிசை. ட்வைலா தள்ளுவண்டியில் உதட்டுக் களிம்பு போட்டாள், கட்டுத்துணி போட்டாள். பிறகு வலி மாத்திரைக் குப்பிகளை எண்ணாமல் எடுத்துப் போட ஆரம்பித்தாள். "முதலாளிக்கு ஒரு டாலர்கூட விடக் கூடாதுன்னு நீதானே சொல்லுவ," என்று என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். ஒரு மாதமாக அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

பேசாமல் இருந்திருக்கலாம். இருநூறு டாலர்தானே. சத்தியமும் செய்திருந்தேன். ஆனால் இனி வருகிற பில்களுக்கு அவளிடம் இருப்பதே அந்த இருநூறுதான். அதையும் என் வாய் தின்னும்படி விட்டுவிட்டு என்னால் நிற்க முடியவில்லை.

"வேணாம் ட்வைலா. வெச்சிடு. அந்தப் பணம் போகாது."

"போகாதுன்னா?"

"வருஷம் முடிஞ்சாலும் போகாது. ஒங்களோடதுதான்."

"இது இந்த வருஷம் மாத்தினதா?"

"இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடியே மாத்திட்டாங்க. நாந்தான் கேக்கல. கேக்காமலே தெரிஞ்ச மாதிரி சொன்னேன்."

அவள் கையில் ஒரு குப்பி இருந்தது. அதைப் பார்த்தாள். அலமாரியைப் பார்த்தாள். அவள் மனதுக்குள் போன வருஷத்தின் இரண்டு தள்ளுவண்டிகளும் உருண்டு வருவது எனக்குத் தெரிந்தது.

"அப்ப ஜனவரியில..." என்றாள். "ஆஸ்பத்திரி தள்ளிப் போடலையா?"

"இல்ல."

"டெல்லுக்குத் தெரியுமா? நீ சொன்னது தப்புன்னு?"

"பதிமூணாந் தேதியே தெரியும். ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினான்."

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவள் வண்டியில் போட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தாள். குப்பிகளின் முகப்பு வெளியே தெரிகிற மாதிரி நேராக வைத்தாள். உதட்டுக் களிம்பை மட்டும் கல்லாவுக்குக் கொண்டு போய்க் கையிலிருந்த பணத்தைக் கொடுத்து வாங்கினாள்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். அவள் இறங்கவில்லை.

"இன்னைக்கு நீ உள்ள வராத. ஒன் மூஞ்சியப் பாக்க முடியல என்னால," என்றாள்.

"சரி."

"நாளைக்கு வா. வராட்டி அவன் கேப்பான்." கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தாள். திரும்பினாள். "எங்கிட்ட நீ சொல்லிட்டேன்னு அவன்கிட்டச் சொல்லாத. எனக்குத் தெரியாதுன்னே நெனச்சிட்டு இருக்கட்டும். அதுக்காகத்தானே ஒரு வருஷம் அத்தனையும் முழுங்கினான்."

மறுநாள் போனேன். ட்வைலா கதவைத் திறந்துவிட்டு சமையலறைக்குப் போய்விட்டாள். டெல்மர் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தான். அந்தப் பெரிய உடம்பு போர்வைக்குள் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. உதட்டில் களிம்பு பளபளத்தது. பக்கத்து மேஜையில் நெஞ்செரிச்சல் மாத்திரைக் குப்பி ஒன்று, பிரிக்காதது, பதினொன்றில் மிச்சம்.

விரலை அசைத்துக் கூப்பிட்டான். குனிந்தேன். குரல் காற்றாகத்தான் வந்தது.

"நேத்து கடைக்குப் போனீங்களாமே."

"போனோம்."

"அவகிட்ட ஒண்ணும் ஒளறலையே?"

சமையலறையில் குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் நின்றது.

"இல்ல," என்றேன்.

அவன் தோள் லேசாகக் குலுங்கியது. "பரவால்லயே. இருபத்திரண்டு வருஷத்துல இப்பத்தான் நோரீன் வாய மூடிட்டு இருந்திருக்கா."

"ஆமா," என்றேன். சமையலறையில் தண்ணீர் மறுபடி ஓட ஆரம்பித்தது.